ஒட்டும் உறவும்

கரும்பு எரிக்கும் மாதம்.
ஷீரே ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து
கரிச்சருகு பறந்து வந்து
பிரசவ விடுதியின் ஜன்னல் வலையில் ஒட்டுகிறது.
துடைத்தால் இழுபடும், விட்டால் படியும்.
எனெலெஸி துடைப்பதில்லை.
இரவு முழுக்க அவளுக்கு
நுண்ணோக்கிக்கு அடியில் வேறு கறுப்பு இருக்கிறது.

இரண்டரை வருஷத்துக்கு முன்
அலேஃபா இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.
கரும்பு வெட்டிக் காய்த்த கை,
தலைச்சன் வயிறு, காய்ச்சல் இல்லை.
விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து
கண் கூசும்வரை தேடி
"இல்லை" என்று எழுதினாள் எனெலெஸி.
பொய் இல்லை.
விரலில் இல்லைதான்.

ஓடும் ரத்தத்தோடு ஓடினால்
மண்ணீரல் சலித்துவிடும்;
விறைத்த செவ்வணுவுக்கு அந்தச் சல்லடையில் வழி கிடையாது.
அதனால் மலேரியாக் கிருமி
தான் குடிபுகுந்த அணுவின் தோலில்
குமிழ் குமிழாய்க் கொக்கிகள் முளைக்க வைத்து
ஒதுங்க ஒரு கரை தேடும்.
தலைச்சன்காரிக்குள் புதிதாய் ஒரு கரை:
நஞ்சுக்கொடி.
அதன் மேல்தோலில் அசையும் சர்க்கரைச் சரங்கள்.
அந்தச் சரத்துக்கென்றே வளைத்த கொக்கி;
பத்தொன்பது வருஷம் கொசுக்கடியில் படித்த உடம்பும்
அதுவரை பார்த்திராதது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
இது பேறுகாலம்வரை தங்கியது.

காவலுக்கு வந்த வெள்ளணுக்களுக்கும்
ஒட்டாமல் வேலை நடக்காது.
சுவரோரம் உருண்டு, வேகம் தணிந்து,
ஒரு பிடி கிடைத்தால்தான் நிற்க முடியும்.
நின்றன. ஆள் சேர்த்தன.
தின்ற கிருமியின் கரியை வயிற்றில் சுமந்தபடி
அங்கேயே குழுமின.
சண்டை நடக்கும் தெருவில்
சோற்றுப்பானை எப்படிப் போகும்?

பிள்ளை, ஒரு கிலோ எண்ணூறு.

விழுந்த நஞ்சில் ஒரு துணுக்கை
கண்ணாடியில் அழுத்திப் பார்த்தாள் எனெலெஸி.
எங்கு நகர்த்தினாலும் கரி.
பழைய சீட்டைத் தேடி எடுத்தாள்.
"இல்லை"யை அடிக்கவில்லை;
அதற்கு முன்னால்
"விரலில்" என்று சேர்த்தாள்.

ஒட்டுண்ணி.
என் மொழி வைத்த பெயரை இங்கே உட்கார்ந்து
வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.
பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது,
உண்பதற்கு முன்னால் ஒட்டவேண்டும் என்று.
கருவும் அப்படித்தானே வந்தது,
கருப்பைச் சுவரில் தொற்றிக்கொண்டு.

இப்போது மறுபடி அலேஃபா.
மாத்திரை விழுங்கினாள், வலைக்குள் படுத்தாள்.
நேற்றிரவு பெற்றாள்.
எனெலெஸியின் மேஜையில் இரண்டு தட்டு,
இரண்டிலும் அதே சர்க்கரைச் சரம் பூசியிருக்கிறது.
முதல் தட்டில் கிருமியேறிய செவ்வணுக்களை ஊற்றினாள்.
கழுவினாள். போகவில்லை.
இன்னொரு முறை. போகவில்லை.
இரண்டாவதில், அலேஃபாவின் ரத்தம் தெளிந்த
மஞ்சள் நீரைக் கலந்து ஊற்றினாள்.
கழுவினாள்.
தட்டு காலி.
கொக்கி கொக்கியாய்த் தேடிப்போய்
யாரோ உறை மாட்டியிருக்கிறார்கள்.

எல்லாத் தாய்க்கும் இப்படி வாய்ப்பதில்லை.
பக்கத்துக் கட்டில்காரியின் தட்டு
பாதிகூடக் காலியாகவில்லை.

உறை தைக்க அளவு கொடுத்தவன்
தாழ்வாரத்தில் இருக்கிறான்.
லிம்பிகானி. குச்சிக் கால்.
கரும்பைக் கடித்துச் சக்கையைத் துப்பி
மறுபடி கடிக்கிறான்.
உள்ளே தம்பி, மூன்று கிலோ நூறு.
அந்தக் கணக்கை யாரும் இவனிடம் சொல்லவில்லை,
சொல்ல என்ன இருக்கிறது,
அண்ணன் எடை தம்பிக்குப் போனது என்றா?

பார்க்கக் கூப்பிட்டார்கள்.
கை கழுவச் சொன்னதற்குள் ஓடிவந்து
போர்வையைப் பிடித்துவிட்டான்.
கரும்புச் சாறு காய்ந்த விரல்.
அலேஃபா மெல்லப் பிரித்தாள்.
வரவில்லை.
இன்னும் கொஞ்சம் இழுத்தாள்,
விரலோடு
ஒரு நீல நூலும் வந்தது.